பிரிட்டன் இடதுசாரிகள்: தலைமைப் போட்டி, தேர்தல் கணக்கு, சோசலிசக் கொள்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் இடதுசாரி அரசியல் பற்றிய தமிழ் விவாதங்கள் பெரும்பாலும் ஆட்களைச் சுற்றியே நடக்கின்றன: தொழிற்கட்சியின் முன்னாள் தலைவர் கார்பின் வென்றிருந்தால், 2024-இல் பிரதமரான ஸ்டார்மர் போனால், மான்செஸ்டர் மேயரான பர்னம் வந்தால். ஆட்கள் முக்கியம்தான். ஆனால் யார் போட்டியிடலாம் என்பதைக் கட்சி விதிகள் முடிவு செய்கின்றன. யார் ஆளலாம் என்பதில், எத்தனை ஓட்டு விழுந்தது என்பதைவிட எந்தத் தொகுதிகளில் விழுந்தது என்பதே பெரிது. இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கொள்கை பேசினால் கடைசியில் அந்தக் கொள்கைக்குத்தான் நஷ்டம். கீழே உள்ள விதிகளும் எண்களும் 2025 டிசம்பர் வரையிலானவை.

பிரிட்டனில் இடதுசாரிகள் என்று யாரையெல்லாம் சொல்கிறோம்?

முதலில் தொழிற்கட்சி, அதாவது லேபர். 1900 பிப்ரவரியில் லண்டன் ஃபாரிங்டன் தெருவில் தொழிற்சங்கங்களும் சோசலிசச் சங்கங்களும் கூடி அமைத்த குழு, 1906-இல் 29 எம்.பி.க்களுடன் கட்சியாகப் பெயர் மாறியது. அதற்குள் வலது, நடு, இடது என்று எப்போதும் அணிகள் உண்டு. இடது அணி எம்.பி.க்கள் 1982 முதல் சோசலிஸ்ட் கேம்பெய்ன் குரூப் என்ற பெயரில் இயங்குகிறார்கள்.

வெளியே பசுமைக் கட்சி, 2025-இல் உருவான யுவர் பார்ட்டி, ஜார்ஜ் கேலவேயின் வொர்க்கர்ஸ் பார்ட்டி, சில சிறு கம்யூனிஸ்ட் கட்சிகள். ஸ்காட்லாந்தின் எஸ்.என்.பி. (ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி), வேல்ஸின் பிளைட் கம்ரி இரண்டும் பொருளாதாரத்தில் இடதுபக்கம் சாய்ந்தவை. ஆனால் அவற்றின் முதல் கேள்வி தேசிய இனக் கேள்வி.

தொழிற்கட்சித் தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பதவி காலியானால் மூன்று கட்டம். முதலில், போட்டியிட விரும்புபவருக்குக் கட்சி எம்.பி.க்களில் 20 விழுக்காட்டினரின் முன்மொழிவு வேண்டும். இப்போதைய எண்ணிக்கையில் அது 80 பேரை ஒட்டி வரும். இதைத் தாண்டியவர்கள் இரண்டாம் கட்டத்தில் தொகுதிக் கட்சிகளில் (கட்சியின் தொகுதிக் கிளைகள்) 5 விழுக்காட்டின் ஆதரவைப் பெற வேண்டும். அல்லது மூன்று இணைப்பு அமைப்புகளின் (கட்சியோடு இணைந்த தொழிற்சங்கம், சோசலிசச் சங்கம் போன்றவை) ஆதரவு போதும். அந்த மூன்றில் குறைந்தது இரண்டு தொழிற்சங்கங்களாக இருக்க வேண்டும், மூன்றும் சேர்ந்து இணைப்பு உறுப்பினர்களில் 5 விழுக்காட்டைக் கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது கட்டம் ஓட்டெடுப்பு. கட்சி உறுப்பினர்களும், இணைப்புச் சங்கங்கள் வழியாகப் பதிவு செய்த ஆதரவாளர்களும் ஆளுக்கு ஒரு ஓட்டுப் போடுவார்கள். 1, 2, 3 என்று விருப்ப வரிசை இட வேண்டும். யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள்.

எம்.பி.யின் ஓட்டுக்கும் சாதாரண உறுப்பினரின் ஓட்டுக்கும் இந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரே மதிப்பு. ஆனால் எம்.பி.க்களின் அதிகாரம் முதல் கட்டத்திலேயே வேலை செய்துவிடுகிறது: ஓட்டுச்சீட்டில் யார் பெயர் இருக்கலாம் என்பதை அவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள்.

இந்த முறை எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஒரு சண்டை உண்டு.

1981 வரை எம்.பி.க்கள் மட்டுமே ஓட்டுப் போட்டார்கள். 1980-இல் மைக்கேல் ஃபுட் 139-க்கு 129 என்ற கணக்கில் டெனிஸ் ஹீலியை வென்றது அப்படித்தான். 1981 ஜனவரியில் வெம்பிளியில் கூடிய சிறப்பு மாநாடு தொழிற்சங்கங்களுக்கு 40, எம்.பி.க்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30 விழுக்காடு என்று பங்கிட்டது. மறுநாளே கட்சியின் முன்னாள் அமைச்சர்களான ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ் நால்வரும் தனி வழி அறிவித்தார்கள். அது எஸ்.டி.பி. (சமூக ஜனநாயகக் கட்சி) ஆயிற்று. அதே ஆண்டு துணைத் தலைவர் போட்டியில் ஹீலி இடது அணியின் டோனி பென்னை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார்.

1993-இல் ஜான் ஸ்மித் மூன்று பிரிவுக்கும் சம பங்கு கொடுத்தார். 2010-இல் எம்.பி.க்களும் உறுப்பினர்களும் டேவிட் மிலிபண்டை விரும்ப, சங்கப் பிரிவின் பலத்தில் தம்பி எட் மிலிபண்ட் 50.65 விழுக்காட்டில் வென்றார். அதனால் வந்த கசப்பும் சேர்ந்துதான் 2014-இல் ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற இன்றைய முறையைக் கொண்டுவந்தது. கூடவே 3 பவுண்டு கட்டினால் யாரும் ஆதரவாளராகப் பதிந்து ஓட்டுப் போடலாம் என்றும் ஆயிற்று.

கட்சியின் வலது அணி இந்தத் திருத்தத்தை வரவேற்றது. சங்கங்களின் பிடி தளரும், பொதுமக்கள் வந்தால் நடுநிலை ஆட்கள் வெல்வார்கள் என்பது அவர்கள் கணக்கு. 2015-இல் அதே முறையில் ஜெரமி கார்பின் முதல் சுற்றிலேயே 59.5 விழுக்காடு பெற்றார்.

20 விழுக்காடு என்ற வரம்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

இடது அணியின் கதை முழுவதும் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. 2007-இல் கார்டன் பிரவுனை எதிர்க்க ஜான் மக்டானலுக்கு 45 முன்மொழிவு தேவைப்பட்டது. கிடைத்தது 29. போட்டியே நடக்கவில்லை, பிரவுன் உறுப்பினர் ஓட்டு இல்லாமலே பிரதமரானார். 2015-இல் வரம்பு 15 விழுக்காடு, அதாவது 35 பேர். கார்பினுக்கு 36 கிடைத்தது. அதுவும் நண்பகல் கெடுவுக்குக் கடைசி நிமிடங்களில். கையெழுத்திட்டவர்களில் சிலர் அவருடைய கொள்கையை ஏற்காதவர்கள். விவாதம் விரிவாக இருக்கட்டும் என்பதற்காகக் கொடுத்தார்கள். இரண்டு பேர் மனம் மாறியிருந்தால் அந்த ஐந்து ஆண்டு வரலாறே இல்லை.

2017-இல் கார்பின் தலைமையில் வரம்பு 10 விழுக்காடாகக் குறைந்தது. 2021 பிரைட்டன் மாநாட்டில் ஸ்டார்மர் அதை 20 ஆக்கினார், பணம் கட்டிப் பதியும் ஆதரவாளர் முறையையும் எடுத்துவிட்டார். விளைவை 2025 செப்டம்பரில் கண்டோம். ஏஞ்சலா ரெய்னர் விலகியதால் நடந்த துணைத் தலைவர் போட்டியில் பிரிட்ஜெட் பிலிப்சனுக்கு 175, லூசி பவலுக்கு 117 முன்மொழிவு. இடது அணியின் பெல் ரிபெய்ரோ-ஆடிக்கு 24. தேவைப்பட்டது 80. பவல் 54.3 விழுக்காட்டில் வென்றார், ஆனால் ஓட்டுரிமை இருந்த சுமார் 9.7 லட்சம் பேரில் ஓட்டுப் போட்டவர்கள் 16.6 விழுக்காடுதான்.

எம்.பி.க்களின் நம்பிக்கை இல்லாதவர் நாடாளுமன்றத்தில் தலைமை தாங்க முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. 2016-இல் அதுதான் நடந்தது, அடுத்த பதிலில் வருகிறது. ஆனால் 20 விழுக்காடு என்பது அந்த நியாயத்தைத் தாண்டிப் போகிறது. ஒரு பெரிய கட்சியின் முழு அணி ஒன்று உறுப்பினர்கள் முன்னால் நிற்கவே முடியாமல் போனால், அந்த உறுப்பினர்கள் வேறு கட்சி தேடிப் போவார்கள். போகிறார்கள். 2017 இறுதியில் 5.64 லட்சமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 2024 இறுதியில் 3.33 லட்சம்.

பதவியில் இருக்கும் தலைவரை இறக்க முடியுமா?

முடியும், ஆனால் கடினம். எதிர்ப்பவர் 20 விழுக்காடு எம்.பி.க்களைத் தன் பெயருக்கு ஒன்றுசேர்க்க வேண்டும். இருக்கும் தலைவருக்கு முன்மொழிவு தேவையில்லை. அவர் பெயர் தானாகவே சீட்டில் வரும். கன்சர்வேட்டிவ் கட்சியில் நடப்பது போல எம்.பி.க்கள் பெயர் வெளியிடாமல் கடிதம் கொடுத்து நம்பிக்கை ஓட்டெடுப்பு நடத்தும் முறை இங்கே இல்லை. அதிருப்தி போதாது. இன்னார்தான் மாற்று என்று ஒரு பெயரில் 80 பேர் உடன்பட வேண்டும். பெரும்பாலான கலகங்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன: அதிருப்தியாளர்களில் ஒரு பாதிக்கு ஒருவர், மறுபாதிக்கு இன்னொருவர்.

2016-இல் எம்.பி.க்கள் 172-க்கு 40 என்று கார்பின்மீது நம்பிக்கையின்மை தெரிவித்தார்கள். விதிப்படி அதற்குக் கட்டாய விளைவு எதுவும் இல்லை. அவர் விலகவில்லை. ஓவன் ஸ்மித் போட்டியிட்டார், உறுப்பினர்கள் கார்பினுக்கு 61.8 விழுக்காடு கொடுத்தார்கள்.

ஆட்சியில் இருக்கும்போது தலைவர் விலகினாலோ இறந்தாலோ, கட்சியை நிர்வகிக்கும் தேசியச் செயற்குழுவைக் கலந்து அமைச்சரவை தன்னில் ஒருவரை இடைக்காலத் தலைவராக்கும். புதுத் தலைவர் பிரதமராகப் பொதுத்தேர்தல் தேவையில்லை.

எம்.பி. அல்லாத ஒருவர் தலைவராகலாமா?

ஆக முடியாது. தலைவரும் துணைத் தலைவரும் மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டும். 2017-இல் கிரேட்டர் மான்செஸ்டர் மேயரான ஆண்டி பர்னம் பெயர் அடிபடும்போதெல்லாம் எழும் சிக்கல் இதுதான். ஒரு தொகுதி காலியாக வேண்டும், கட்சி அவரை வேட்பாளராக்க வேண்டும், அவர் இடைத்தேர்தலில் வெல்ல வேண்டும், மேயர் பதவியை விட வேண்டும், அதன் பிறகு 20 விழுக்காடு. இடைத்தேர்தல் வேட்பாளர் பட்டியல் தேசியச் செயற்குழுவின் கையில் இருக்கிறது. பெரும்பான்மை எந்த அணிக்கோ கதவின் சாவியும் அந்த அணிக்கே. செயற்குழுத் தேர்தலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தலைவர் தேர்தலுக்குச் சமமாகப் பேச வேண்டியது அது.

கார்பினுக்கு ஸ்டார்மரைவிட அதிக ஓட்டு விழுந்ததே, பிறகு ஏன் தோற்றார்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. எண்கள் சரியானவை. 2017-இல் தொழிற்கட்சிக்கு 1.29 கோடி ஓட்டு, 40 விழுக்காடு, 262 இடம். 2019-இல் 1.03 கோடி, 32.1 விழுக்காடு, 202 இடம். 2024-இல் 97 லட்சம், 33.7 விழுக்காடு, 411 இடம். கார்பின் தோற்ற இரண்டு தேர்தலிலும் ஸ்டார்மர் வென்ற தேர்தலைவிட அதிக ஓட்டு.

ஆனால் 2017-இல் எதிரே கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே 42 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தார். 2024-இல் கன்சர்வேட்டிவ் 23.7-க்கு விழுந்தது; ரிஃபார்ம் கட்சி 14.3 எடுத்து வலதுசாரி ஓட்டைப் பிரித்தது. பிரிட்டனில் தொகுதியில் அதிக ஓட்டு பெற்றவரே எம்.பி., பாதி தேவையில்லை. இந்தியாவில் நாம் பார்க்கும் அதே முறை. எதிரி பிரிந்தால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு இடம் கிடைக்கும். தொழிற்கட்சி 2024-இல் சராசரியாக 23,600 ஓட்டுக்கு ஓர் இடம் பெற்றது. ரிஃபார்ம் 41 லட்சம் ஓட்டுக்கு 5 இடம், பசுமைக் கட்சி 19 லட்சத்துக்கு 4 இடம்.

இன்னொன்று, ஓட்டு எங்கே குவிந்தது என்பது. 2017-இல் பெருநகரங்களிலும் பல்கலைக்கழக நகரங்களிலும் தொழிற்கட்சி மலைபோல் ஓட்டுக் குவித்தது. ஏற்கனவே வென்ற தொகுதியில் முன்னிலை 20,000 ஆனாலும் 40,000 ஆனாலும் ஓர் எம்.பி.தான். 2019-இல் பழைய சுரங்கப் பகுதிகள் சரிந்தன. 1970 முதல் டெனிஸ் ஸ்கின்னர் வைத்திருந்த போல்சோவர் போயிற்று, டோனி பிளேரின் பழைய தொகுதியான செட்ஜ்ஃபீல்டும் போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற ஓட்டுப் போட்ட ஊர்களில் கட்சி இரண்டாவது வாக்கெடுப்பு பேசியது பெரிய காரணம். கார்பினின் தனிப்பட்ட செல்வாக்குச் சரிவும் காரணம். கட்சிக்குள் யூத வெறுப்புப் புகார்களைக் கையாண்ட விதமும் சேர்த்தி. சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2020 அக்டோபரில் கட்சி சட்டத்தை மீறியதாகவே முடிவு சொன்னது. இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை மறுப்பவரிடம் 2019 பற்றி வாதிட்டுப் பயனில்லை.

எனவே "சோசலிசம் 1.29 கோடி ஓட்டு வாங்கியது" என்பதும் உண்மை, "சோசலிசம் தோற்றது" என்பதும் உண்மை. 2024 வெற்றியும் பெரியது, மெல்லியதும்கூட. ஓட்டுப் பதிவே 60 விழுக்காட்டை ஒட்டித்தான்.

1983 தோல்விக்கு இடதுசாரித் தேர்தல் அறிக்கைதானே காரணம்?

ஓரளவு. தொழிற்கட்சி 27.6 விழுக்காட்டுக்கு விழுந்தது, 209 இடம். ஆனால் எஸ்.டி.பி.–லிபரல் கூட்டணி 25.4 விழுக்காடு எடுத்ததை மறக்கக் கூடாது. தாட்சர் 1979-இல் பெற்றதைவிடக் குறைந்த ஓட்டு விழுக்காட்டில், 42.4-இல், 397 இடம் பெற்றார். ஃபாக்லாந்துப் போர் வெற்றியும் உதவியது. பிளவு இல்லாமல் அதே அறிக்கை என்ன செய்திருக்கும் என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. பிளவு என்ன செய்தது என்பதை எண்ணிக் காட்டலாம்.

ஓட்டுப் பிரிவது உண்மையில் எப்படி நடக்கிறது? ஒரு தொகுதியை வைத்துச் சொல்ல முடியுமா?

லண்டனின் வடகிழக்கு ஓரத்தில் சிங்ஃபோர்ட் அண்ட் உட்ஃபோர்ட் கிரீன். கன்சர்வேட்டிவ் முன்னாள் தலைவர் இயன் டங்கன் ஸ்மித்தின் தொகுதி. 2019-இல் தொழிற்கட்சியின் ஃபைசா ஷஹீன் அவரிடம் 1,262 ஓட்டில் தோற்றார். மறுபடியும் அவரையே வேட்பாளராக்கினார்கள். 2024 மே இறுதியில், தேர்தல் அறிவித்த பிறகு, அவருடைய சமூக ஊடகச் செயல்பாட்டைக் காட்டிக் கட்சி அவரை நீக்கி வேறொருவரை நிறுத்தியது. அவர் சுயேச்சையாக நின்றார்.

முடிவு: டங்கன் ஸ்மித் 17,281. தொழிற்கட்சி 12,524. ஷஹீன் 12,445. நாடு முழுவதும் கன்சர்வேட்டிவ் சரிந்த இரவில், எதிர் ஓட்டு 25,000-ஐ ஒட்டி இருந்தும், இந்த இடம் அவர்களிடமே நின்றது. வேட்பாளர் தேர்வை மேலிடம் கடைசி நேரத்தில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

2025 மே மாதம் ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில் ரிஃபார்ம் தொழிற்கட்சியை 6 ஓட்டில் வென்றது. பசுமைக் கட்சி அங்கே 2,000-க்கு மேல் எடுத்தது. ஆனால் இதற்குப் பசுமை வாக்காளரைக் குறை சொல்வது தவறு. ஓர் ஆண்டுக்கு முன் தொழிற்கட்சி பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிய தொகுதி அது. முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை வெட்டியதால் கோபமடைந்த ஊர்களில் ஓட்டுக் கேட்கப் போனால் இதுதான் நடக்கும்.

கட்சி ஆதரவு இல்லாமல் சுயேச்சைகள் வென்றது எப்படி?

2024-இல் சுயேச்சையாக நின்ற கார்பின் இஸ்லிங்டன் நார்த்தில் 24,120 ஓட்டு பெற்றார், தொழிற்கட்சிக்கு 16,873. 1983 முதல் அவர் எம்.பி.யாக இருக்கும் தொகுதி. தெருவுக்குத் தெரு அறிந்த ஆள். லெஸ்டர் சவுத், பிளாக்பர்ன், பர்மிங்ஹாம் பெரி பார், டூஸ்பரி அண்ட் பேட்லி ஆகியவற்றில் காசா போரை ஒட்டிய கோபம் சுயேச்சைகளை வெல்ல வைத்தது. லெஸ்டரில் நிழல் அமைச்சரவையின் (எதிர்க்கட்சியின் மாற்று அமைச்சரவை) ஜோனதன் ஆஷ்வொர்த் 979 ஓட்டில் தோற்றார். இல்ஃபோர்ட் நார்த்தில் வெஸ் ஸ்ட்ரீட்டிங் 528 ஓட்டில் தப்பினார். பொதுவாகச் சுயேச்சைகள் வெல்ல மூன்றும் சேர வேண்டும்: ஊரில் வேரூன்றிய ஆள், தொகுதியில் குவிந்து வாழும் வாக்காளர், ஒரே கேள்வியில் திரண்ட கோபம். ஒன்று குறைந்தாலும் டெபாசிட்டே சந்தேகம். (500 பவுண்டு, 5 விழுக்காடு ஓட்டு எடுத்தால் திரும்பும்.)

யுவர் பார்ட்டியில் தலைமைச் சண்டை எதைப் பற்றியது?

உதவித்தொகை இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் என்ற வரம்பை (இரண்டு குழந்தை வரம்பு) நீக்கக் கோரி 2024 ஜூலையில் ஓட்டளித்த ஏழு தொழிற்கட்சி எம்.பி.க்கள் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து இடைநீக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ஸாரா சுல்தானா 2025 ஜூலையில் கட்சியை விட்டு வெளியேறி, கார்பினுடன் சேர்ந்து புதுக் கட்சி என்றார். இலட்சக்கணக்கானோர் ஆர்வம் தெரிவித்துப் பெயர் பதிந்தார்கள். செப்டம்பரில் உறுப்பினர் சேர்க்கைத் தளத்தை யார் திறப்பது என்பதிலேயே இருவருக்கும் பகிரங்க மோதல். கட்டணம் செலுத்துவதை நிறுத்தும்படி ஒரு தரப்பு ஆதரவாளர்களிடம் சொல்ல வேண்டி வந்தது.

நவம்பர் 29, 30 தேதிகளில் லிவர்பூலில் நடந்த தொடக்க மாநாட்டில், ஒரே தலைவரா கூட்டுத் தலைமையா என்று உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். கூட்டுத் தலைமை 51.6 – 48.4 என்று வென்றது. கட்சிப் பெயரும் தற்காலிகமாக இருந்தது நிரந்தரமாயிற்று.

கூட்டுத் தலைமை கொள்கையளவில் நல்லது, ஒரு மனிதரின் செல்வாக்கில் கட்சி தொங்க வேண்டியதில்லை. ஆனால் தொலைக்காட்சி விவாதத்தில் யார் நிற்பது, வேட்பாளர் பட்டியலில் கடைசிக் கையெழுத்து யாருடையது, ஓர் இரவில் முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை யார் எடுப்பது என்று எழுத்தில் இல்லாவிட்டால், தேர்ந்தெடுக்கப்படாத அலுவலகத்தார் தலைவர்களாகிவிடுவார்கள். உறுப்பினர் பட்டியல், வங்கிக் கணக்கு, இணையத்தளம் மூன்றும் யார் பெயரில் இருக்கின்றன என்பதுதான் ஒரு புதுக் கட்சியின் முதல் ஜனநாயகக் கேள்வி. செப்டம்பர் மோதல் முழுவதும் அதைத் தீர்க்காததால் வந்தது.

தொழிற்கட்சிக்கு வெளியே உள்ள இடதுசாரி இடத்தைப் பசுமைக் கட்சி பிடித்துவிட்டதா?

பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஸாக் போலன்ஸ்கி 20,411-க்கு 3,705 என்று தலைவரானார். சில வாரங்களில் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவர் பெரும் செல்வத்தின் மீதான வரி, வாடகை, தண்ணீர் நிறுவனங்களைப் பொதுவுடைமையாக்குவது பற்றிப் பேசுகிறார். 2024-இல் 40 தொகுதிகளில் கட்சி இரண்டாமிடம், ஏறக்குறைய எல்லாமே தொழிற்கட்சி வென்றவை. பிரிஸ்டல் சென்ட்ரலில், தமிழ்ப் பெயர் கொண்ட தொழிற்கட்சி நிழல் அமைச்சர் தங்கம் டெபனேரை கார்லா டெனியர் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டில் வென்றார். சிக்கல் என்னவென்றால், கட்சி 2024-இல் வென்ற நான்கு இடங்களில் இரண்டு கிராமப்புறத்தில் கன்சர்வேட்டிவிடமிருந்து எடுத்தவை. நகர வாடகைதாரரையும் கிராம நில உரிமையாளரையும் ஒரே அறிக்கையில் வைத்திருப்பது எளிதல்ல.

நான்காவது பிரிவு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

தொழிற்கட்சியின் 1918 சாசனத்தில் நோக்கங்களைச் சொல்லும் பகுதி. சிட்னி வெப் எழுதிய வரைவு, உற்பத்திச் சாதனங்களின் பொது உடைமையை இலக்காகச் சொன்னது. 1959 தோல்விக்குப் பின் அன்றைய கட்சித் தலைவர் ஹியூ கெய்ட்ஸ்கெல் அதை மாற்ற முயன்று முடியாமல் விட்டார். 1995 ஏப்ரலில் பிளேர் மாற்றினார். இப்போதுள்ள வாசகம் கட்சியை ஜனநாயக சோசலிசக் கட்சி என்றே அழைக்கிறது, பொது உடைமை என்ற இலக்கு அதில் இல்லை.

பழைய வாசகத்தைப் பாதுகாத்ததால் மட்டும் சோசலிசம் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அட்லியின் தொழிற்கட்சி அரசு 1946 முதல் இங்கிலாந்து வங்கி, நிலக்கரி, ரயில், மின்சாரம், எரிவாயு, எஃகு என்று எடுத்தது. பழைய முதலாளிகளுக்கு நஷ்டஈடு கிடைத்தது. மேலே ஒரு பொது வாரியம் அமர்ந்தது, மேலாளர்கள் பலர் பழைய ஆட்களே, தொழிலாளிக்கு நிர்வாகத்தில் இடம் இல்லை. 1980-களில் தாட்சர் விற்றபோது இதை எங்கள் சொத்து என்று மக்கள் திரண்டு தடுக்காததற்கு அது ஒரு காரணம். மருத்துவ சேவை அப்படி இல்லை. 1948 ஜூலை 5 முதல் ஒவ்வொரு குடும்பமும் அதைக் கையால் தொட்டு அறிந்தது, இன்றுவரை யாரும் வெளிப்படையாக விற்கத் துணியவில்லை. அதிலும் 1951-இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதிக் கட்டணம் என்று கெய்ட்ஸ்கெல் பட்ஜெட் போட்டபோது, அதை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். பணம் ஆயுதத்துக்கா பல்லுக்கா என்பது அன்றைய கேள்வி. இன்றும் பாதுகாப்புச் செலவு, நலத்திட்டம் என்ற வடிவில் அதே கேள்விதான் கட்சிக்குள் ஓடுகிறது.

இன்றைய அரசு சோசலிசமாக எதுவும் செய்யவில்லையா?

செய்திருக்கிறது. 2024 சட்டப்படி தனியார் ரயில் ஒப்பந்தங்கள் முடிய முடிய அரசிடம் வருகின்றன. 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே முதலில் வந்தது. 2025 டிசம்பரில் தொழிலாளர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு என்ற வாக்குறுதி ஆறு மாதம் கழித்து என்று சுருங்கியது. இரண்டு குழந்தை வரம்பை 2026 ஏப்ரல் முதல் நீக்குவதாக 2025 நவம்பர் பட்ஜெட் சொன்னது. சுமார் 4.5 லட்சம் குழந்தைகள் வறுமையிலிருந்து வெளியே வருவார்கள் என்பது அரசின் மதிப்பீடு. ஏழு பேர் இடைநீக்கப்பட்ட அதே கோரிக்கை பதினாறு மாதத்தில் அரசின் கொள்கையாயிற்று. உள்ளே நின்று போராடுவது வீண் என்பவர்களும், வெளியிலிருந்து அழுத்துவது வீண் என்பவர்களும் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். நலத்திட்ட வெட்டை எதிர்த்து 2025 ஜூலையில் 49 தொழிற்கட்சி எம்.பி.க்கள் ஓட்டளித்ததும், பசுமைக் கட்சி வளர்ந்ததும், ரிஃபார்ம் முந்தியதும் சேர்ந்துதான் அரசை மாற வைத்தன.

விகிதாசார முறை வந்தால் இந்தச் சிக்கல் தீருமா?

ஓட்டுப் பிரிவு தீரும், கூட்டணிப் பேரம் தொடங்கும். இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. 2022 தொழிற்கட்சி மாநாடு விகிதாசாரத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. தலைமை அதைத் தேர்தல் அறிக்கையில் சேர்க்கவில்லை. 2011-இல் விருப்ப வரிசை முறைக்கான வாக்கெடுப்பை மக்களே 67.9 விழுக்காட்டில் நிராகரித்தார்கள். 411 இடம் தந்த முறையை மாற்ற 411 பேரும் முன்வருவார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம்.

அதுவரை வாக்காளர்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2025 அக்டோபரில் வேல்ஸ் நாடாளுமன்றத்தின் கெர்ஃபிலி இடைத்தேர்தலில், நூறாண்டு காலத் தொழிற்கட்சிக் கோட்டையில், ரிஃபார்மைத் தடுக்க வல்லவர் பிளைட் கம்ரிதான் என்று கணித்து மக்கள் அங்கே திரண்டார்கள். பிளைட் 47, ரிஃபார்ம் 36, தொழிற்கட்சி 11 விழுக்காடு.

அடுத்த பொதுத்தேர்தல் எப்போது?

அதிகபட்சம் 2029 ஆகஸ்ட். அதற்கு முன்னும் வரலாம். தேதி பிரதமர் கையில். 2024-இல் ரிஃபார்ம் இரண்டாமிடம் பெற்ற 98 தொகுதிகளில் 89 தொழிற்கட்சியிடம் இருப்பவை. தொழிற்கட்சி இடதுபக்கம் இழக்கும் சில ஆயிரம் ஓட்டு இந்த 89-இல்தான் வலிக்கும்.

இந்திய, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் பிரிட்டனில் ஓட்டுப் போடலாமா?

போடலாம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், செல்லுபடியாகும் விசாவுடன் அங்கே வசித்தால், பொதுத்தேர்தல் உட்பட எல்லாவற்றிலும் ஓட்டுரிமை உண்டு. மாணவர் விசாவும் சேர்த்தி. பல தமிழ்க் குடும்பங்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தபிறகுதான் என்று காத்திருந்து தேர்தல்களைத் தவறவிடுகின்றன.

இணையத்தில் பதியலாம், நேஷனல் இன்சூரன்ஸ் எண் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பே பதிவு மூடும். சாவடியில் புகைப்பட அடையாளம் கட்டாயம்: இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் செல்லும், காலாவதியானாலும் முகம் ஒத்திருந்தால் போதும். எதுவும் இல்லாவிட்டால் வாக்காளர் சான்றிதழ் இலவசம், அதற்கு 6 வேலை நாள் முன் விண்ணப்பிக்க வேண்டும். அதிகம் நடக்கும் தவறு: வீடு மாறியபின் பழைய முகவரியில் பதிவை விட்டுவைப்பது. 2024-இல் ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்று, ஈழத்தமிழ்ப் பின்னணியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். கிழக்கு லண்டன் தமிழர்களின் பதிவு எத்தனை என்பது இனி வெறும் புள்ளிவிவரம் அல்ல.

கட்சியில் சேர்ந்தால் தலைவர் தேர்தலில் உடனே ஓட்டு உண்டா?

பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு தடை நாள் அறிவிப்பார்கள். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த முறை ஓட்டு கிடையாது. போட்டி அறிவித்த பிறகு சேர்வது பல நேரம் தாமதம். இணைப்புச் சங்கத்தின் உறுப்பினராக அரசியல் நிதி கட்டுபவர்களுக்கும், தனியாக ஆதரவாளராகப் பதிந்தால்தான் சீட்டு வரும். யுனைட், யூனிசன், ஜி.எம்.பி. உறுப்பினர்களில் பலர் இதை அறியாமல் இருக்கிறார்கள்.

இரண்டு கட்சிகளில் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருக்கலாமா?

தொழிற்கட்சியிலும் பசுமைக் கட்சியிலும் முடியாது. தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவர் வேறு கட்சி வேட்பாளருக்கோ, கட்சியை எதிர்த்து நிற்கும் சுயேச்சைக்கோ வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தால் உறுப்புரிமை போகும். ஒரு சமூக ஊடகப் பதிவே போதும். யுவர் பார்ட்டி தன் மாநாட்டில் வேறு அமைப்புகளிலும் உறுப்பினராக இருப்பதை நிபந்தனையுடன் அனுமதித்தது. எந்த அமைப்புகள் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.